கடற்கரையில் நின்று ராக்கெட் ஏவுவதைப் பார்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உலகின் பெரிய ஏவுதளங்களில் பல கடலோரத்தில் இருக்கின்றன. ராக்கெட்டின் எரிந்து முடிந்த அடுக்குகள் ஊர்மேல் விழாமல் கடலில் விழவேண்டும் என்பதுதான் முதற்காரணம். அதனால் பார்வையாளர் மாடத்துக்கு அனுமதிச்சீட்டு கிடைக்காதவர்களுக்கும் பக்கத்துப் பொதுக் கடற்கரை என்று ஒன்று வாய்த்துவிடுகிறது. அங்கே போய் நின்றால் மட்டும் போதாது. எங்கே நிற்பது, எந்தப் பக்கம் பார்ப்பது, எத்தனை நாள் காத்திருப்பது என்பதை வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு கிளம்ப வேண்டும்.

ஏவுதளத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் இருந்தால் நன்றாகத் தெரியும்?

10 முதல் 25 கி.மீ. வரை என்றால் நல்ல இடம். ஏவும் நேரத்தில் ஏவுதளத்தைச் சுற்றிச் சில கி.மீ. தூரத்துக்கு ஆள் நடமாட்டம் இருக்காது. கடற்கரையும் அதில் அடக்கம். அதனால் 5 கி.மீ.க்குள் நிற்கும் வாய்ப்பு பொதுமக்களுக்குப் பெரும்பாலும் கிடையாது.

கண்ணுக்கு எவ்வளவு பெரிதாகத் தெரியும் என்பதை முழுநிலவோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். நிலவின் அகலம் வானத்தில் அரை பாகை. ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் 70 மீட்டர் உயரமுள்ள ஃபால்கன் 9 ராக்கெட், 10 கி.மீ. தொலைவில் நிலவின் அகலத்தில் முக்கால் பங்குக்குச் சற்று மேல் உயரமாகத் தெரியும். 20 கி.மீ. என்றால் நிலவில் பாதிகூட இருக்காது. 44 மீட்டர் உயரமுள்ள இந்திய ராக்கெட் பி.எஸ்.எல்.வி. 20 கி.மீ. தொலைவில் நிலவின் கால்பங்கு. தொலைக்காட்சியில் பார்த்த காட்சியை மனத்தில் வைத்துக்கொண்டு வருபவர்கள் ‘இவ்வளவு சின்னதா’ என்று திகைப்பது இதனால்தான். ஆனால் தீப்பிழம்பு ராக்கெட்டின் உடலைவிட நீளமானது, பகலிலும் கண்ணைப் பறிக்கக்கூடியது. புகைத்தடம் பல கி.மீ. நீளும். பார்க்கப் போவது அவற்றைத்தான்.

ஏவுமேடையே தெரியுமா?

தூரத்தைப் பொறுத்தது. மணலில் நிற்பவரின் கண் தரையிலிருந்து ஒன்றேமுக்கால் மீட்டர் உயரத்தில் இருந்தால் அவருக்கு அடிவானம் ஏறக்குறைய 4.7 கி.மீ.யில் முடிந்துவிடும். அதற்கு அப்பால் உள்ளவற்றின் அடிப்பகுதியைப் பூமியின் வளைவு மறைத்துவிடும். 20 கி.மீ. தொலைவில் சுமார் 18 மீட்டர் மறையும்; 40 கி.மீ.யில் 100 மீட்டர், 80 கி.மீ.யில் 450 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. 80 கி.மீ. தள்ளி நிற்பவருக்கு ராக்கெட் கிளம்பி 8 முதல் 15 நொடி கழித்துத்தான் முதல் வெளிச்சம் அடிவானத்தில் எழும். ‘டைம் ஆயிடுச்சே, ஒண்ணும் காணோமே’ என்று அந்த நேரம் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்ளாதீர்கள்.

10 மீட்டர் உயரமான மணல்மேட்டில் ஏறி நின்றால் அதே 20 கி.மீ.யில் மறைவது 5 மீட்டர் மட்டுமே. ஆனால் இடையில் சவுக்குத் தோப்போ கட்டடமோ இருந்தால் இந்தக் கணக்கெல்லாம் வீண். நிலப்படத்தில் உங்கள் இடத்திலிருந்து ஏவுமேடைக்கு ஒரு நேர்கோடு போடுங்கள். கோடு முழுக்கத் தண்ணீர் மேலேயே போனால் அதுவே சிறந்த இடம். கரை வளைந்து செல்லும் ஊர்களில் இரண்டு கி.மீ. நடந்தாலே இந்தக் கோடு மரங்களிலிருந்து விலகிக் கடலுக்கு வந்துவிடும்.

எந்தத் திசையில் பார்க்க வேண்டும்?

கேள்விகள் இரண்டு. ஏவுமேடை எந்தத் திசையில் இருக்கிறது என்பது முதலாவது. கைபேசியின் திசைகாட்டியைக் கொண்டு பகல் வெளிச்சத்திலேயே பார்த்து, அடிவானத்தில் ஓர் அடையாளத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இரும்புக் கம்பி வேலி, கார் ஆகியவற்றின் அருகே வைத்தால் திசைகாட்டி பிழையாகக் காட்டும்.

இரண்டாவது, கிளம்பிய பிறகு எந்தப் பக்கம் சாயும் என்பது. இதைப் பலர் யோசிப்பதே இல்லை. போகும் சுற்றுப்பாதைதான் இதை முடிவு செய்கிறது. ஒரே இடத்துக்கு மேல் நிற்பதுபோலத் தெரியும் புவிநிலைச் சுற்றுப்பாதைக்கான செயற்கைக்கோள்கள் கிழக்கு நோக்கிப் போகும். பூமியின் சுழற்சி நிலநடுக்கோட்டில் நொடிக்கு 465 மீட்டர் வேகத்தை இலவசமாகத் தருகிறது. அதை யாரும் விட்டுவிட மாட்டார்கள். ஃப்ளோரிடாவின் கேப் கேனவெரலிலிருந்து சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போகும் ராக்கெட்டுகள் வடகிழக்கே சாயும். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து, துருவங்களின் மேல் சுற்றும் துருவப் பாதைக்குப் போகும் பி.எஸ்.எல்.வி. முதலில் தென்கிழக்கே போய், இலங்கையைத் தவிர்த்த பிறகு தெற்கே திரும்பும். கலிஃபோர்னியாவின் வாண்டன்பர்க் தளத்திலிருந்து பெரும்பாலும் தெற்கே.

ஏவுதளத்துக்குத் தெற்கே ஒரு கடற்கரை, வடக்கே ஒரு கடற்கரை என்று இரண்டு உங்களுக்கு எட்டும் தூரத்தில் இருந்தால், ராக்கெட் போகும் பக்கத்தில் இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். அது உங்களை நெருங்கிக் குறுக்கே கடந்து போவது ஒரு காட்சி. முதுகைக் காட்டிக்கொண்டு விலகிப் போவது இன்னொரு காட்சி.

அருகிலுள்ள கடற்கரை அன்று திறந்திருக்குமா?

இதை உறுதி செய்யாமல் கிளம்பவே கூடாது. மிக அருகிலுள்ள கடற்கரைகள்தான் முதலில் மூடப்படும். டெக்சாஸில் ஸ்பேஸ்எக்ஸின் பெரிய ராக்கெட்டான ஸ்டார்ஷிப் ஏவப்படும்போது பக்கத்திலேயே உள்ள போகா சிகா கடற்கரையையும் அதற்குப் போகும் சாலையையும் மூடிவிடுவார்கள். மக்கள் பார்ப்பது கப்பல் கால்வாய்க்கு இப்பால், சவுத் பாட்ரே தீவின் தென்முனையிலிருந்து. ஏவுமேடைக்கு அங்கிருந்து சுமார் 8 கி.மீ. கேப் கேனவெரலுக்கு வடக்கேயுள்ள பிளேயாலிண்டா கடற்கரை அருமையான இடம்தான். ஆனால் இரவில் மூடிவிடுவார்கள், சில ஏவுதல்களுக்குப் பகலிலும் மூடுவார்கள். வாண்டன்பர்க் அருகிலுள்ள சர்ஃப் கடற்கரையில் மார்ச் 1 முதல் செப்டம்பர் 30 வரை உப்புக்கொத்தி இனப் பறவை ஒன்று முட்டையிடும் காலம். அப்போது மணலில் ஒரு சிறு பகுதி மட்டுமே திறந்திருக்கும்.

முதல் தேர்வு ஒன்று, மாற்று இடம் ஒன்று என இரண்டை முடிவு செய்துகொள்ளுங்கள். மாற்று இடம் வேறொரு சாலையில் இருக்கட்டும். ஒரே சாலை அடைபட்டால் இரண்டும் கைநழுவிவிடும்.

தேதியையும் நேரத்தையும் எப்படித் தெரிந்துகொள்வது?

ஏவும் நிறுவனத்தின் அறிவிப்புதான் முதல் ஆதாரம். அதோடு, விமானிகளுக்கும் கப்பல்களுக்கும் விடப்படும் எச்சரிக்கை அறிவிப்புகளில் எந்த நாள், எந்த நேரத்துக்குள், எந்தக் கடற்பரப்பு தவிர்க்கப்பட வேண்டும் என்று இருக்கும். மாற்று நாட்களும் பெரும்பாலும் அதிலேயே இருக்கும். ராக்கெட் போகும் திசையை அறியவும் அந்தக் கடற்பரப்பின் படம் உதவும்.

நேரம் பலமுறை யு.டி.சி. என்ற உலகப் பொது நேரத்தில்தான் தரப்படும். உள்ளூர் நேரத்துக்கு மாற்றும்போது தேதியும் மாறுகிறதா என்று பாருங்கள். நள்ளிரவை ஒட்டிய ஏவுதல்களுக்கு ஒரு நாள் தாமதமாக வந்து வெறுங்கடலைப் பார்த்தவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. ‘இந்தத் தேதிக்கு முன் இல்லை’ என்று போட்டிருந்தால் அது தேதியே அல்ல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

லாஞ்ச் விண்டோ என்றால் என்ன? எனக்கு அதனால் என்ன?

ராக்கெட்டைக் கிளப்ப அனுமதிக்கப்பட்ட கால இடைவெளி. சில பயணங்களுக்கு அது நான்கு மணி நேரம் இருக்கும். சிலவற்றுக்கு ஒரே ஒரு நொடி. விண்வெளி நிலையத்துக்குப் போகும் ராக்கெட், நிலையத்தின் சுற்றுப்பாதைத் தளம் ஏவுதளத்துக்கு நேர்மேலே வரும் கணத்தில் கிளம்ப வேண்டும். தவறினால் மறுநாள்தான், அதுவும் ஏறத்தாழ 20 முதல் 25 நிமிடம் முன்னதாக. ‘நேற்று இதே நேரம்தானே’ என்று மறுநாள் நிதானமாக வந்தால் புகையைத்தான் பார்ப்பீர்கள்.

விண்டோ நீளமாக இருந்தால் முழு இடைவெளிக்கும் தண்ணீரும் நிழலும் தயாராக இருக்கட்டும். ஒரு நொடி விண்டோ என்றால் வேலை சுலபம். கவுன்ட்டவுன் நின்ற மறுநிமிடமே மூட்டையைக் கட்டலாம்.

கவுன்ட்டவுன் நின்றுவிட்டது. கிளம்பலாமா, இருக்கலாமா?

முதலில் எந்த ராக்கெட் என்று பாருங்கள். ஃபால்கன் 9 மிகவும் குளிரூட்டிய எரிபொருளைப் பயன்படுத்துகிறது. ஏவுதலுக்கு 35 நிமிடம் முன்புதான் நிரப்பத் தொடங்குவார்கள். நிரப்பத் தொடங்கிய பிறகு நிறுத்தினால் அது சூடேறிவிடும். ஆகவே அன்றைக்கு அநேகமாக அவ்வளவுதான். அதற்கு முன் நேரத்தைத் தள்ளிவைத்தால் விண்டோ முடியும்வரை நம்பிக்கை உண்டு.

மற்றவற்றில் அப்படி இல்லை. 2023 அக்டோபர் 21 அன்று ககன்யான் திட்டத்தின் முதல் சோதனைக் கலம், கிளம்ப 5 நொடி இருக்கும்போது கணினியால் தானாக நிறுத்தப்பட்டது. காரணம் கண்டறியப்பட்டு அன்றே காலை 10 மணிக்கு ஏவப்பட்டது. நின்றதுமே வண்டியைத் திருப்பியவர்கள் அதைப் பார்த்திருக்க முடியாது. எதிர் உதாரணம் சந்திரயான் 2. 2019 ஜூலை 15 அதிகாலை, 56 நிமிடம் 24 நொடி இருக்கையில் நிறுத்தப்பட்டு, ஒரு வாரம் கழித்து ஜூலை 22 அன்றுதான் கிளம்பியது. விண்டோ நீளமாக இருந்தால், அதிகாரபூர்வமாக ‘இன்றைக்கு இல்லை’ என்று சொல்லும்வரை இடத்தைவிட்டு நகராதீர்கள்.

ஏன் இவ்வளவு தள்ளிப்போகிறது? வெயில் அடிக்கிறதே!

உங்கள் தலைக்கு மேல் வெயில் அடிப்பது ஒரு கணக்கே இல்லை. 10 கி.மீ. உயரத்தில் காற்றின் வேகம் அடுக்குக்கு அடுக்குச் சட்டென்று மாறினால் ராக்கெட்டின் உடல் வளைக்கப்படும். பலூன் விட்டு அளந்து, அளவு மீறினால் நிறுத்திவிடுவார்கள். தரையில் இலைகூட அசையாது.

அடுத்தது மின்னல். அடர்ந்த மேகத்துக்குள் போகும் ராக்கெட்டும் அதன் அயனிப் புகைத்தடமும் சேர்ந்து ஒரு நீண்ட மின்கம்பியைப் போல ஆகி, இல்லாத மின்னலைத் தாமே வரவழைத்துவிடும். 1969 நவம்பர் 14 அன்று நிலவுக்குப் போன அப்பல்லோ 12 கிளம்பிய முதல் ஒரு நிமிடத்துக்குள் இரண்டு முறை மின்னல் தாக்கியது இப்படித்தான். 1987இல் ஓர் அட்லஸ்-சென்டார் ராக்கெட் மின்னலாலேயே அழிந்தது. அதன்பின் விதிகள் கடுமையாயின. அமெரிக்கத் தளங்களில் சுமார் 18 கி.மீ. தூரத்துக்குள் மின்னல் விழுந்தால் பெரும்பாலும் 30 நிமிடம் காத்திருக்க வேண்டும். கடற்கரையில் நிற்கும் உங்களுக்கும் அந்த மின்னல் ஆபத்துதான். திறந்த மணலில் ட்ரைபாடோடு நிற்பவரே அங்கே உயரமான பொருள்.

பழுதுகள் தனி. நாசாவின் நிலவுப் பயணமான ஆர்ட்டெமிஸ் 1, 2022 ஆகஸ்ட் 29 அன்று எஞ்சின் வெப்பநிலைச் சிக்கலால் நின்றது, செப்டம்பர் 3 அன்று எரிபொருளான ஹைட்ரஜன் கசிந்ததால் நின்றது, கடைசியில் நவம்பர் 16 நள்ளிரவு தாண்டிக் கிளம்பியது. ஹைட்ரஜன் உலகின் மிகச் சிறிய மூலக்கூறு. எந்த ரப்பர் வளையத்தையும் ஏமாற்றி வெளியே வந்துவிடும். முதல்முறை பறக்கும் ராக்கெட்டும் ஹைட்ரஜனும் சேர்ந்தால் தள்ளிப்போவதே இயல்பு.

அப்படியானால் எத்தனை நாள் ஒதுக்க வேண்டும்?

வெளியூரிலிருந்து வருபவர்கள் ஏவும் நாளோடு குறைந்தது இரண்டு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ள வேண்டும். பலமுறை பறந்து பழகிய ராக்கெட், வானிலை சீராக இருக்கும் பருவம் என்றால் ஒரு நாள் போதலாம். முதல் பயணம் என்றால் ஒரு வாரம்கூடப் போதாது. அதற்காக விடுப்பு எடுப்பதைவிட வேறு ராக்கெட்டைத் தேர்ந்தெடுப்பது மேல்.

எத்தனை மணி நேரம் முன்னதாகப் போய்ச்சேர வேண்டும்?

வழக்கமான ஏவுதலுக்கு இரண்டு மணி நேரம். மனிதர் செல்லும் பயணம், நிலவுப் பயணம், புதிய பெரிய ராக்கெட் என்றால் அரை நாள். வண்டியை ஊரைப் பார்த்தபடி நிறுத்துங்கள்; திரும்பும்போது தெரியும் அதன் அருமை.

அன்றைய ஓத (கடல் ஏற்ற இறக்க) நேரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாட்களில் ஏற்றம் அதிகமாக இருக்கும். தண்ணீர் இறங்கியிருக்கும்போது பார்த்துப் பிடித்த இடம், ஏவும் நேரத்தில் முழங்காலளவு அலையில் இருக்கக்கூடும்.

என்னென்ன எடுத்துப் போகலாம்?

தண்ணீர், தொப்பி, விரிப்பு, கொசுவுக்குப் பூசும் மருந்து, கூடுதல் பேட்டரி. இரவு என்றால் சிவப்பு வெளிச்ச டார்ச். வெள்ளை டார்ச் பழகிய கண்ணையும் கெடுக்கும், பக்கத்தில் நிற்பவரின் படத்தையும் கெடுக்கும். ஆமைகள் முட்டையிடும் கரைகளில் வெள்ளை விளக்கு கூடவே கூடாது. ஃப்ளோரிடாவின் அட்லாண்டிக் கரையில் அந்தப் பருவம் மார்ச் தொடங்கி அக்டோபர் முடிய நீளும். குப்பையைத் திரும்ப எடுத்து வர ஒரு பை.

நிலப்படத்தைக் கைபேசியில் முன்கூட்டியே இறக்கி வையுங்கள். ஆயிரக்கணக்கானோர் ஒரே கைபேசிக் கோபுரத்தைப் பிடித்து இழுக்கும்போது இணையம் படுத்துவிடும்.

நேரலையைப் பார்த்துக்கொண்டே காத்திருக்கலாமா?

கவுன்ட்டவுன் தகவலுக்கு மட்டும். நேரலை பத்து நொடி முதல் அரை நிமிடம் வரையிலும், சில சமயம் அதற்கு மேலும் பின்தங்கி வரும். திரையில் ‘மூன்று, இரண்டு’ என்று எண்ணும்போது நிஜ ராக்கெட் வானத்தில் இருக்கும். கைபேசியின் கடிகாரத்தை நொடியோடு வைத்துக்கொண்டு, குறித்த நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்பே திரையை அணைத்துவிட்டு அடிவானத்தைப் பாருங்கள்.

கிளம்பிய பிறகு வரிசையாக என்ன தெரியும்?

முதலில் சத்தமே இல்லாமல் ஒரு வெளிச்சம். அதன் இருபுறமும் வெள்ளை மேகம் பிதுங்கும். அதில் பெரும்பகுதி புகை அல்ல, நீராவி. ஒலி அதிர்வு ராக்கெட்டையே சேதப்படுத்தாமல் இருக்க மேடையில் பெரிய ராக்கெட்டுகளுக்கு லட்சக்கணக்கான லிட்டர் தண்ணீரைக் கொட்டுகிறார்கள். பக்கவாட்டில் திட எரிபொருள் பூஸ்டர் (கூடுதல் உந்துகலன்) உள்ளவை அம்பு போலச் சட்டென்று எழும். முழுக்கத் திரவ எரிபொருளில் ஓடுபவை முதல் சில நொடிகள் தயங்கித் தயங்கி ஏறும்.

சுமார் ஒரு நிமிடத்தில் ஒலியின் வேகத்தைத் தாண்டும். அந்த நேரத்தில் ஈரக் காற்றில் ராக்கெட்டைச் சுற்றி ஒரு வெள்ளைப் பாவாடை போன்ற நீராவி வளையம் நொடிப்பொழுது தோன்றி மறைவதுண்டு. இரண்டு நிமிடத்தை ஒட்டிப் பூஸ்டர்கள் கழன்று இரண்டு சிறு புள்ளிகளாகப் பின்தங்கும். பைனாகுலரில் நன்றாகத் தெரியும். ஃபால்கன் 9இல் இரண்டரை நிமிடம் வாக்கில் முதல் அடுக்கு அணைந்து, ஒரு கணம் எதுவும் இல்லாமல் போய், இரண்டாம் அடுக்கு சிறு நட்சத்திரம் போலப் பற்றும். பகலில் இதோடு முடிந்தது. இரவில் தெளிந்த வானம் என்றால் ஆறேழு நிமிடம்வரை அந்த நட்சத்திரத்தைப் பின்தொடரலாம்.

சத்தம் எப்போது வரும்?

கி.மீ.க்கு மூன்று நொடி. 15 கி.மீ. என்றால் 44 நொடி கழித்து. வெளிச்சம் தெரிந்ததிலிருந்து எண்ணி மூன்றால் வகுத்தால் ஏவுமேடை எவ்வளவு தூரம் என்று நீங்களே சொல்லலாம்.

வந்து சேர்வது முதலில் காதுக்கல்ல, நெஞ்சுக்கு. மிகத் தாழ்ந்த உறுமல் அது. அதன்மேல் துணி கிழிவதுபோலப் படபடவென்று ஒரு சத்தம் ஏறும். ஒலியை மிஞ்சிய வேகத்தில் வெளியேறும் வாயு, காற்றில் சிறு சிறு அதிர்ச்சி அலைகளாக மாறுவதன் விளைவு. தூரம் கூடக்கூட இந்தப் படபடப்பு மங்கி உறுமல் மட்டும் மிஞ்சும். காற்று உங்கள் பக்கமிருந்து ஏவுதளத்தை நோக்கி வீசினால் ஒலி மேல்நோக்கி வளைந்து, 15 கி.மீ.யில்கூட ஏமாற்றிவிடும். தரையை ஒட்டிக் குளிர்ந்த காற்றும் மேலே வெப்பக் காற்றும் இருக்கும் அமைதியான இரவில் 40 கி.மீ. தள்ளியும் ஜன்னல் அதிரக் கேட்கும். ராக்கெட் கண்ணைவிட்டு மறைந்த பிறகும் உறுமல் சில நிமிடம் நீடிக்கும்.

பகலா, இரவா, எது நல்லது?

அந்திதான். சூரியன் மறைந்து அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள், அல்லது விடிவதற்கு முன் அதே அளவில் ஏவினால், தரை இருட்டில் இருக்க, மேலே போகும் ராக்கெட் மட்டும் வெயிலுக்குள் நுழையும். காற்று மிக மெலிந்த உயரத்தில் புகை தடையின்றி விரிந்து, உள்ளிருந்து ஒளிர்வது போன்ற ஒரு மாபெரும் கடல்சொறியாக வானத்தில் நிற்கும். அட்டவணையில் அப்படி ஒரு நேரத்தைப் பார்த்தால் மற்ற வேலையைத் தள்ளிவைக்கலாம்.

இரவில் நிறம் பாருங்கள். மண்ணெண்ணெய் எரியும் ராக்கெட்டில் சுடர்விடும் கரித்துகள் மஞ்சளும் ஆரஞ்சுமாக இருக்கும். மீத்தேன் நீலம் கலந்தது. ஹைட்ரஜன் சுடர் கிட்டத்தட்டக் கண்ணாடி போல நிறமற்றது. திட எரிபொருளோ வெல்டிங் வெளிச்சம்; அதிலுள்ள அலுமினியம் எரிந்த துகள்கள் வெண்மையாய்ப் பழுத்து ஒளிர்வதால் கடற்கரையில் உங்கள் நிழலே விழும்.

கிழக்குக் கரையில் காலை ஏவுதல் என்றால் சூரியன் எதிரே நிற்கும். தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் அப்போது அலங்காரம் அல்ல.

மேகம் மூடியிருந்தால் வீணா?

உயரத்தில் மெல்லிய மேகம் என்றால் பாதகமில்லை. தாழ்ந்த மேகத்தில் பத்து இருபது நொடியில் ராக்கெட் நுழைந்து மறையும். இரவில் அந்தக் கணத்தில் மேகம் முழுவதும் விளக்குக்கூடு போல ஒளிரும், அதற்கும் ஓர் அழகு உண்டு. மூடுபனிதான் மோசம். வாண்டன்பர்க் போன்ற மேற்குக் கரைத் தளங்களில் கடல்பனி பலமுறை வந்து மறைக்கும். ராக்கெட்டுக்கு அது தடையில்லை, ஏவிவிடுவார்கள். உங்களுக்கு ஒலி மட்டும் மிஞ்சும். அந்தப் பக்கம் மலைமேல் ஏறி, பனிக்கு மேலே நிற்பது நல்லது.

ராக்கெட் வளைந்து கீழே விழுவதுபோலத் தெரிகிறதே?

விழவில்லை. சுற்றுப்பாதைக்குத் தேவை உயரத்தைவிடப் பக்கவாட்டு வேகம். அதனால் கிளம்பிய சில நொடிகளிலேயே சாயத் தொடங்கிவிடும். உங்களைவிட்டு நூற்றுக்கணக்கான கி.மீ. விலகிப் போகும் பொருள், உயரம் கூடிக்கொண்டே போனாலும் அடிவானத்தை நோக்கி இறங்குவதாகவே கண்ணுக்குத் தெரியும். தலைக்கு மேலே போன விமானம் தூரத்தில் மரத்துக்குப் பின்னால் மறைவதைப் போலத்தான்.

பைனாகுலர் எது வாங்கலாம்?

7×50 அல்லது 10×50. முதல் எண் பெருக்கம், இரண்டாவது முன்கண்ணாடியின் அகலம் மி.மீ.யில். பத்துக்கு மேல் பெருக்கம் போனால் கை நடுக்கமும் பெருகும். வானியல் தொலைநோக்கி வேண்டாம். பார்வைப் பரப்பு குறுகலாக இருப்பதால் ஓடும் ராக்கெட்டைத் தேடியே நேரம் போய்விடும். ராக்கெட் சூரியனுக்கு அருகில் போகும் பாதையில் இருந்தால் பைனாகுலரைக் கீழே வையுங்கள். ஒரு நொடி போதும், விழித்திரை நிரந்தரமாகக் கெட்டுவிடும்.

கேமராவில் எப்படி எடுப்பது?

பகலில் 400 முதல் 600 மி.மீ. லென்ஸ், ஷட்டர் 1/1000 நொடி அல்லது அதைவிட வேகம், அப்பெர்ச்சர் எஃப் 8, ஐ.எஸ்.ஓ. 100 முதல் 400. குவியத்தை ஏவுமேடையிலோ தூரத்துக் கப்பலிலோ முன்பே சரிசெய்து, தானியங்கிக் குவியத்தை அணைத்துவிடுங்கள். புகையைப் பார்த்ததும் அது முன்னும் பின்னும் தேடத் தொடங்கிவிடும். வெப்பக் காற்று அலையடிப்பதால் 20 கி.மீ.க்கு அப்பால் எந்த விலையுயர்ந்த லென்ஸும் கூர்மையாகத் தராது. லென்ஸைக் குறை சொல்லிப் பயனில்லை.

இரவில் ஒளிக்கோடு எடுக்க 14 முதல் 24 மி.மீ. அகலக் கோண லென்ஸ், ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 11 முதல் 16, ஷட்டரை வேண்டும்வரை திறந்து வைக்கும் பல்ப் முறை. திட பூஸ்டர் உள்ள ராக்கெட் என்றால் எஃப் 22 வரை குறைக்கலாம். வெளிச்சம் தெரிந்ததும் திறந்து, இரண்டு முதல் நான்கு நிமிடம் கழித்து மூடுங்கள். ஏவுமேடை சட்டத்தின் ஒரு மூலையில் கீழே இருக்கட்டும், சாயும் பக்கம் இடம் விடுங்கள். நடுவில் வைத்தால் கோடு சட்டத்துக்கு வெளியே ஓடிவிடும். நீள் ஒளிப்பதிவுக்கான இரைச்சல் குறைப்பை அணைத்து வையுங்கள். அணைக்காவிட்டால் மூன்று நிமிடப் படத்துக்குப் பின் கேமரா இன்னொரு மூன்று நிமிடம் பூட்டிக்கொண்டு உட்காரும். ட்ரைபாடில் வைத்ததும் அதிர்வுக் கட்டுப்பாட்டையும் அணையுங்கள்.

ட்ரைபாடின் கால்களை ஈரமணலில் ஒரு சாண் அழுத்தி ஊன்றி, நடுவில் பையைத் தொங்கவிடுங்கள். அலை தொட்டுப் போகும் இடத்தில் வைத்தால் ஒவ்வோர் அலைக்கும் மணல் அரிந்து கால் இறங்கும். கோடு நெளிந்து வரும். லென்ஸில் மணல் பட்டால் துடைக்காதீர்கள், முதலில் ஊதுங்கள்.

கைபேசி போதுமா?

வீடியோவுக்குப் போதும். அடிவானத்தின்மேல் விரலை அழுத்திப் பிடித்துக் குவியத்தையும் ஒளியளவையும் பூட்டி, ஒளியைச் சற்றுக் குறைத்து வையுங்கள். இரவுப் படமுறையை அணையுங்கள். பல சட்டங்களை ஒன்றாக்கி ராக்கெட்டைக் கரைத்துவிடும். ஏதாவது ஒன்றில் சாய்த்து வைத்துவிட்டுக் கண்ணால் பாருங்கள். முதன்முறை பார்ப்பவர்கள் படமே எடுக்க வேண்டாம் என்பது எங்கள் கருத்து. அதைவிட நல்ல படங்களை ஒரு மணி நேரத்தில் மற்றவர்கள் வெளியிட்டுவிடுவார்கள்.

பூஸ்டர் திரும்பி இறங்குவதும் தெரியுமா?

இங்கே பூஸ்டர் என்பது ஃபால்கன் 9இன் முதல் அடுக்கு. அது ஏவுதளத்துக்கே திரும்பினால் மட்டும். ஃபால்கன் 9 பல சமயம் நூற்றுக்கணக்கான கி.மீ. தள்ளிக் கடலில் நிற்கும் மிதவையில் இறங்கும். கரையிலிருந்து ஒன்றும் தெரியாது. கரைக்குத் திரும்பும் பயணமா என்று முன்பே பாருங்கள். அப்படியானால் கிளம்பி ஏறக்குறைய எட்டு நிமிடத்தில் மீண்டும் சுடர் தெரியும். அதன்பின் உங்கள் தூரத்துக்கு ஏற்ற தாமதத்தில் வேட்டு போல அடுத்தடுத்து ஒலி வெடிப்பு கேட்கும். குழந்தைகளுக்கு முன்பே சொல்லி வையுங்கள். அழுவதற்கு ஏவுதலைவிட இதுதான் காரணமாகிறது. நாயை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

படகில் போய் இன்னும் கிட்டத்தில் பார்க்கலாமா? ட்ரோன் விடலாமா?

இரண்டும் வேண்டாம். எச்சரிக்கைப் பரப்புக்குள் ஒரு படகு வந்தாலே ஏவுதல் நிற்கும். 2014 அக்டோபர் 27 அன்று அமெரிக்காவின் வாலப்ஸ் தீவில் ஆன்டாரஸ் ராக்கெட் ஒரே ஒரு பாய்மரப் படகால் ஒத்திவைக்கப்பட்டது. மறுநாள் அது கிளம்பிய சில நொடிகளில் வெடித்து விழுந்தது. அந்தப் பரப்பைக் காலியாக வைப்பது எதற்காக என்பதற்கு வேறு சான்று வேண்டாம். வான்பரப்பும் அதேபோல மூடப்படும். ட்ரோன் விட்டால் பறிமுதலும் வழக்கும் வரும்.

புகை கரைப்பக்கம் வந்தால் ஆபத்தா?

நீராவி ஒன்றும் செய்யாது. திட எரிபொருள் புகையில் ஹைட்ரஜன் குளோரைடு இருக்கும், ஈரத்தில் அமிலமாகும். விபத்து நேர்ந்து செம்பழுப்பு நிற மேகம் தெரிந்தால் அது சில ராக்கெட்டுகள் பயன்படுத்தும் நைட்ரஜன் டெட்ராக்சைடு, நச்சு. காற்றுக்குக் குறுக்காக விலகி, வண்டிக்குள் ஏறி, கண்ணாடியை ஏற்றி, வெளிக்காற்றை உள்ளிழுக்கும் விசிறியை அணைத்துவிட்டுக் கிளம்புங்கள். காற்று கரையை நோக்கி வீசி இது அபாயமாகும் என்று தெரிந்தால் ஏவுவதையே நிறுத்திவிடுவது பல தளங்களில் விதி.

கரையில் ஒரு பாகம் ஒதுங்கிக் கிடந்தால்?

தொடாதீர்கள். உள்ளே அழுத்தக் கலன், வெடிக்கும் ஆணி, நச்சு எரிபொருளின் மிச்சம் எதுவும் இருக்கலாம். படம் எடுத்து, இடத்தைக் குறித்துக் காவல்துறைக்குச் சொல்லுங்கள். அது அதன் உரிமையாளரின் சொத்து. எவ்வளவு தூரம் மிதந்து போனாலும் உரிமை மாறாது. 2023 ஜூலையில் மேற்கு ஆஸ்திரேலியாவின் கிரீன் ஹெட் அருகே ஒதுங்கிய பெரிய உருளை, பி.எஸ்.எல்.வி.யின் மூன்றாம் அடுக்கு என்று உறுதியானது.

முடிந்ததும் உடனே கிளம்பலாமா?

கிளம்பினால் எல்லோரோடும் சேர்ந்து சாலையில் நிற்பீர்கள். வரும்போது கூட்டம் பல மணி நேரத்தில் பிரிந்து வந்தது. போகும்போது பத்து நிமிடத்தில் மொத்தமாகக் கிளம்பும். ஒரு மணி நேரம் மணலிலேயே இருங்கள். காற்று அடுக்குக்கு அடுக்கு வேறு திசையில் வீசுவதால் நேராக நின்ற புகைத்தடம் மெல்ல முறுக்கிக்கொண்டு, கோலம் போல நெளிந்து, அரை மணி நேரம்வரை கலையாமல் வானத்தில் கிடக்கும்.